ஐந்தரை வயது மகன்: நாள்கணக்கில் மோஷன் இல்லை, ஆனால் ஜட்டியில் தினமும் கசிவு. இது பேதியா, மலச்சிக்கலா?

கொடிமுல்லை:
மகனுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி., எடை 18 கிலோ. பல மாதங்களாக வயிற்றுத் தொந்தரவு. தொப்புளைச் சுற்றி வலி என்கிறான். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறான். ஜட்டியில் தினமும் களிம்பு போல, சில நாள் தண்ணியாக, கறை. கேட்டால் "எனக்குத் தெரியலை" என்கிறான். ஒழுங்கான மோஷன் ஐந்தாறு நாளைக்கு ஒரு முறைதான். அன்றைக்கு அழுகை, கிளாசெட் அடைக்கும் அளவுக்குப் பெரிதாக வரும், சில சமயம் மேலே சிவப்பாக ஒரு கோடு.

பேதி என்று சொல்லி ஆன்டிபயாட்டிக், புரோபயாட்டிக் இரண்டும் கொடுத்தார்கள். பூச்சி மருந்தும் ஆயிற்று. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் 'மெசென்டெரிக் லிம்ப் நோட்' (குடலை ஒட்டிய நிணநீர்க் கணு) என்று எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. கோதுமை, பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்றும் யோசனை. பள்ளியில் டயப்பர் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலிக்கண்:
நீங்கள் எழுதியதிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை, பெரிதாக, வலியோடு, நடுவில் தெரியாமல் கசிவு. இது பேதி இல்லை. மலக்குடலில் கெட்டியான மலம் தேங்கிக் கிடக்கிறது, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாக வழிந்து ஜட்டிக்கு வருகிறது. வாய்க்காலில் கல் அடைத்தால் ஓரமாக நீர் கசிகிற மாதிரிதான். இதைப் பேதி என்று நினைத்து மலம் கட்டும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். லோபராமைடு போன்றவற்றை இந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

"தெரியலை" என்று அவன் சொல்வது பொய் இல்லை. மலக்குடல் மாதக்கணக்கில் விரிந்தே கிடந்தால், நிறைந்திருக்கிறது என்ற உணர்வு மூளைக்குப் போவது மழுங்கிவிடும். அதனால் தயவுசெய்து கறைக்காகத் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், தம்பி தங்கை முன்னால் சொல்லிக்காட்ட வேண்டாம். அவனால் அடக்கவும் முடியாது, உணரவும் முடியாது.

சில கேள்விகள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போனானா? தொந்தரவு பிறந்த முதல் மாதமே தொடங்கியதா, பிறகா? மோஷன் வரும்போது நுனிக்காலில் நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிவது உண்டா? பச்சை நிற வாந்தி? எடை ஏறுகிறதா? நடையில் மாற்றம், முதுகின் அடியில் முடிக்கொத்து அல்லது குழி? படுக்கையில் சிறுநீர்?

கொடிமுல்லை:
பிறந்த அன்றே போய்விட்டான். டயப்பரை நிறுத்திப் பழக்கிய பிறகு, பள்ளி தொடங்கிய சமயத்தில்தான் ஆரம்பம். நுனிக்காலில் நின்று முகம் சிவக்க முக்குவான், சோபாவுக்குப் பின்னால் போய்விடுவான். வாந்தி இல்லை, எடை மெதுவாக ஏறுகிறது. முதுகில் ஒன்றும் இல்லை. கொஞ்ச காலமாகப் படுக்கையை நனைக்கிறான், அதை வேறு பிரச்சினை என்று நினைத்திருந்தோம்.

குடல்வழி (குழந்தைகள் வயிற்றுநோய்ப் பிரிவு):
நுனிக்காலில் நின்று முக்குவதாகத் தெரிவதைக் கவனியுங்கள். அவன் வெளியேற்ற முக்கவில்லை, உள்ளே அடக்குகிறான். பிட்டத்தை இறுக்கி, காலை விறைத்து, வரும் அழுத்தத்தைத் திருப்பி அனுப்புகிறான். ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும், ஆசனவாயில் சிறு வெடிப்பு வந்திருக்கும் (அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலும் அதுதான்). வலிக்குப் பயந்து அடக்குகிறான். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் மேலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கெட்டி, இன்னும் வலி. பள்ளிக் கழிப்பறை பிடிக்காததும் இதோடு சேர்ந்துகொள்ளும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் படுக்கை நனைவதும் இதே கணக்கில் வரலாம். அடைப்பு நீங்கினால் பல குழந்தைகளுக்கு அதுவும் சரியாகும்.

இது செயல்சார் மலச்சிக்கல். உறுப்பில் கோளாறு இல்லை. ரோம் 4 என்ற சர்வதேச மருத்துவ வரையறைப்படி ஆறு அறிகுறிகளில் இரண்டு ஒரு மாதமாக இருந்தால் போதும்: வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ போவது, பழக்கிய பிறகும் வாரம் ஒருமுறையாவது கசிவு, அடக்கும் தோரணை, வலி அல்லது கெட்டி மலம், கிளாசெட் அடைக்கும் பருமன், மலக்குடலில் பெரிய மலக்கட்டி. உங்கள் மகனுக்கு இப்போதே ஐந்து இருக்கிறது. ஆறாவதை மருத்துவர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார். இடப்பக்க அடிவயிற்றில் கட்டி கையில் தட்டுப்படும். இதற்கென்று எக்ஸ்ரே தேவையில்லை.

கருப்பு மலம் 48 மணி நேரத்துக்கு மேல் தாமதம், முதல் மாதத்திலேயே தொடக்கம், ரிப்பன் போல மெலிந்த மலம், பச்சை வாந்தி, வயிறு பெரிதாக ஊதுதல், எடை ஏறாமை, கால் பலவீனம், ஆசனவாய் அருகே சீழ்த்துளை, வெடிப்பு இல்லாமலே ரத்தம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கதை வேறு. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் (பெருங்குடலின் கடைப்பகுதியில் பிறவியிலேயே நரம்பணுக்கள் இல்லாதது), முதுகுத்தண்டுப் பிரச்சினை, குடல் அழற்சி எல்லாம் பார்க்க வேண்டிவரும். உங்கள் விவரத்தில் இவை இல்லை. ஹிர்ஷ்ஸ்ப்ரங்கில் மலக்குடல் பொதுவாகக் காலியாக இருக்கும், ஜட்டிக் கசிவும் அபூர்வம். இங்கே அதற்கு நேர்மாறு.

சிகிச்சைக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போவதால்தான் பெரும்பாலும் தோல்வி.

முதலில் அடைப்பை நீக்குவது. பாலிஎத்திலீன் கிளைகால் 3350, சுருக்கமாக பெக் பவுடர். எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 18 கிலோவுக்கு 18–27 கிராம். 17 கிராமுக்கு ஏறக்குறைய 240 மி.லி. நீர் என்ற விகிதத்தில் கரைத்து, நாளில் இரண்டு மூன்று பங்காகக் கொடுப்பது. இது குடலில் உறிஞ்சப்படுவதில்லை. நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கை வைத்து நீங்களே தொடங்க வேண்டாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் அளவையும் நாளையும் முடிவு செய்ய வேண்டும். நான் எண்ணைச் சொல்வது, எழுதிக் கொடுத்த அளவு பராமரிப்பு அளவா, அடைப்பு நீக்கும் அளவா என்று நீங்கள் கேட்க முடியட்டும் என்பதற்காக.

இரண்டாவது பராமரிப்பு. கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்கி 0.2–0.8க்குள் கூட்டிக் குறைப்பது. 18 கிலோவுக்குத் தொடக்கம் ஏறக்குறைய 7 கிராம், 100 மி.லி. நீரில், தினமும். குறைந்தது இரண்டு மாதம், பெரும்பாலும் ஆறு மாதமோ அதற்கு மேலுமோ. விரிந்த குடல் சுருங்கிப் பழைய உணர்வு திரும்ப அவ்வளவு காலம் ஆகும்.

பாட்டிவைத்தியம்:
இதற்கெல்லாம் மாதக்கணக்கில் பவுடரா? மாதம் ஒரு தரம் விளக்கெண்ணெய், அவசரத்துக்கு வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைத்தால் உடனே வந்துவிடும். தொக்கம் எடுத்தும் பார்க்கலாம். பவுடருக்குக் குடல் பழகிப்போகும்.

செவிலிக்கண்:
அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தக் குழந்தைக்கு மூன்றும் வேண்டாம். விளக்கெண்ணெய் சிறுகுடலைத் தூண்டி ஒரு நாள் பீய்ச்சிப் போக வைக்கும். கீழே அடைத்திருக்கும்போது அந்த வேகம் கடும் பிடிப்பு வலியாகத்தான் முடியும், மறுநாள் முதல் பழைய கதை. வாந்தியெடுத்து அந்த எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கும். வெற்றிலைக் காம்போ சோப்புத் துண்டோ ஆசனவாயில் வெடிப்பு இருக்கும் இடத்திலேயே உரசுகிறது, சோப்பு உள்சவ்வைப் புண்ணாக்கும். அதைவிடப் பெரிய கெடுதல் வேறு: பின்பக்கம் யாராவது கை வைத்தாலே அவன் இன்னும் இறுக்கிக்கொள்வான், நாம் உடைக்க நினைப்பது அந்தப் பயத்தைத்தானே. தொக்கம் எடுப்பதில் தொண்டையில் விரல் விட்டோ வாயால் உறிஞ்சியோ செய்கிறார்கள். காயமும் கிருமியும்தான் மிச்சம்.

பழகிப்போகும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பெக் குடல் நரம்பைத் தூண்டுவதில்லை, அதனால் அதற்குப் பழகிப்போவது என்ற பேச்சே இல்லை. பாதியில் நிறுத்தியதும் மலச்சிக்கல் திரும்புவதைப் பார்த்து "மருந்துக்கு அடிமையாகிவிட்டான்" என்கிறார்கள். குடல் சுருங்குவதற்கு முன்னால் நிறுத்தியதுதான் காரணம்.

கொடிமுல்லை:
மருத்துவர் அடிவயிற்றில் கட்டியைத் தொட்டுக் காட்டினார். நாளொன்றுக்கு 24 கிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் பல மாதிரி பொட்டலம் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? எப்போது தொடங்கினால் நல்லது?

செவிலிக்கண்:
பொட்டலக் கணக்கு வேண்டாம், கிராம் கணக்குப் பாருங்கள். தனி பெக் 17 கிராம் பொட்டலமாக வருகிறது. எலக்ட்ரோலைட் உப்பு சேர்ந்த சிறு பொட்டலங்களும் உண்டு, அதில் கிராம் மாறும், உப்புக் கரிக்கும். பெரியவர்களுக்குக் கொலனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) முன் 2 லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற பெரிய பொட்டலத்தைத் தவறி வாங்கிவிடாதீர்கள். பெயர் ஒத்திருப்பதால் குழப்பம் வரும்.

24 கிராமுக்கு ஏறக்குறைய 340 மி.லி. நீர். காலையில் மொத்தமாகக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று பங்காக, ஒவ்வொன்றையும் அரை மணி நேரத்துக்குள் குடிக்க வையுங்கள். எலுமிச்சை ஜூஸிலோ வீட்டில் பிழிந்த பழச்சாற்றிலோ கலக்கலாம். நீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் வேலை செய்யாது.

வெள்ளி மாலை தொடங்குங்கள், முடிந்தால் காலாண்டு விடுமுறை மாதிரி நீண்ட லீவில். இரண்டாம் மூன்றாம் நாள் கசிவு முன்பைவிட அதிகமாகும், வயிறு முறுக்கும். "மருந்து பேதியாக்கிவிட்டது" என்று பெரும்பாலான வீடுகளில் நிறுத்துவது சரியாக அந்த நாளில்தான். நிறுத்தாதீர்கள். முதலில் உருண்டைகள், பிறகு குழம்பு போல, கடைசியில் கட்டியே இல்லாத மஞ்சள்–பழுப்பு நீர். அதுவரை வர வேண்டும். வாந்தி, வயிறு ஊதி இறுகுவது, காய்ச்சல், சோர்ந்து படுப்பது என்றால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனை. ஆறு நாளாகியும் நீராகப் போகவில்லை என்றாலும் திரும்பக் காட்ட வேண்டும். உள்நோயாளியாக மூக்குக் குழாய் வழியே அதே மருந்தைக் கொடுப்பார்கள்.

பின்பக்கம் புண்ணாகாமல் ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுங்கள். வெடிப்புக்கு அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பத்து நிமிடம் உட்கார வைப்பது நல்ல இதம்.

சத்துமாவு (உணவியல்):
ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். அடைப்பு நீங்கும் முன் நார்ச்சத்தைக் கொட்டாதீர்கள். இசப்கோல், தவிடு எல்லாம் தேங்கிய கட்டியின் மேல் இன்னொரு கட்டியாகும். நீர் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கு இன்னும் மோசம்.

அடைப்பு நீங்கிய பிறகு, நாளுக்கு நார்ச்சத்து வயது கூட்டல் 5 கிராம் என்ற கணக்கு நடைமுறைக்கு எளிது. உங்கள் மகனுக்குப் 10–11 கிராம். 100 கிராம் புழுங்கலரிசியில் 4 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் ஏறக்குறைய 11. அதனால் காலை இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் கேழ்வரகு தோசையோ அடையோ. வடிகட்டாத மாவாக இருக்க வேண்டும், துணியில் வடித்தெடுத்த கேழ்வரகுப் பாலில் நார் போய்விடும். மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு நடுத்தரக் கொய்யா. மதியம் கீரையோ அவரைக்காயோ. வாழைப்பழம் ஒன்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை நல்லது.

தண்ணீர்: 18 கிலோவுக்குப் பால், ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 1400 மி.லி. போதும். அதற்கு மேல் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பதால் மலம் இளகாது.

பால் எவ்வளவு குடிக்கிறான்? இதை யாரும் கேட்பதில்லை. காலை ஒரு டம்ளர் சத்துபானம், மாலை ஒன்று, தூங்கும் முன் ஒன்று என்றால் முக்கால் லிட்டர் ஆகிவிடும். வயிறு நிறைந்து சாதத்தைத் தள்ளிவிடுவான். தயிரையும் சேர்த்து 400–500 மி.லி.க்குள் வையுங்கள்.

கொடிமுல்லை:
கிட்டத்தட்ட அந்த முக்கால் லிட்டர்தான். பாலை ஒரேயடியாக நிறுத்திப் பார்க்கலாமா? கோதுமையையும்? அந்த லிம்ப் நோட் விஷயமும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குடல்வழி:
கோதுமையை இப்போது நிறுத்தாதீர்கள். சீலியாக் நோய்க்கு (கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும். இந்தியாவில் இந்த நோய் வடக்கே அதிகம், தெற்கே மிகக் குறைவு. எடையோ உயரமோ தேங்கினால், அல்லது முறையான சிகிச்சைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் இதையும் தைராய்டு டி.எஸ்.எச்.சையும் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் வேண்டாம்.

பால் வேறு விஷயம். முதலில் அளவைக் குறையுங்கள். சரியான அளவில் பெக் கொடுத்தும் பயனில்லை என்றால், மருத்துவர் மேற்பார்வையில் 2 முதல் 4 வாரம் பாலை முழுதாக நிறுத்திப் பார்ப்பது உண்டு. முழுதாக என்றால் தயிர், பன்னீர், பால்பொடி சேர்த்த பிஸ்கட், சத்துபானம் எல்லாமும். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்று இல்லை, புரதம் ஒத்தது. அந்த வாரங்களில் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும். பலன் தெரியாவிட்டால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணமில்லாமல் மாதக்கணக்கில் பால் மறுப்பது வளரும் குழந்தைக்கு நஷ்டம்.

லிம்ப் நோட்: இந்த வயதில் வயிற்றை ஸ்கேன் செய்தால் ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் தென்படும். குறுக்களவு 8 மி.மீ.க்குள், தனித்தனியாக, காய்ச்சலோ எடை இழப்போ இல்லை என்றால் அதற்குச் சிகிச்சை இல்லை, திரும்பத் திரும்ப ஸ்கேனும் தேவையில்லை. இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக் காசநோய் மருந்து தொடங்குவது தவறு. அறிக்கையில் அளவு எழுதியிருக்கும், பாருங்கள்.

பூச்சி: பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. அவன் வயதுக்குப் போதும். மாதாமாதம் வேண்டாம்.

கொடிமுல்லை:
அறிக்கையில் 6 மி.மீ. என்று இருக்கிறது. நன்றி, இப்போதுதான் மூச்சு வருகிறது. மருந்து தவிர வீட்டிலும் பள்ளியிலும் என்ன மாற்ற வேண்டும்?

ஒன்றாம்வகுப்பு (ஆசிரியை):
பள்ளிப் பக்கம் நான் சொல்கிறேன். டயப்பர் வேண்டாம் என்று மென்மையாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். மருத்துவரிடம் நாலு வரி கடிதம் வாங்குங்கள்: இது நோய், குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை, கேட்டவுடன் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும், கறையைப் பற்றி வகுப்பில் பேசக் கூடாது. வாயால் கேட்க வெட்கப்படுவான், அதனால் மேசையில் ஒரு வண்ண அட்டையைத் திருப்பி வைத்தால் எழுந்து போகலாம் என்று ஆசிரியரோடு ஏற்பாடு செய்யுங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு டவுசர், ஈரத் துணி, இறுக்கி மூடும் பை. ஆயாம்மாவிடம் நேரில் பேசி வையுங்கள். உண்மையில் குழந்தையைக் கழுவப் போவது அவர்தான். கழிப்பறையில் தாழ்ப்பாள், மக், தண்ணீர் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பல குழந்தைகள் அடக்கத் தொடங்குவது அங்கேதான்.

செவிலிக்கண்:
வீட்டில் உட்காரும் நேரம்தான் மருந்துக்கு அடுத்த முக்கியம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த அரை மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். காலை டிபனுக்குப் பின், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஒவ்வொன்றும் 5–10 நிமிடம். வேன் ஏழரைக்கு என்றால் டிபன் ஆறேமுக்காலுக்கு முடிய வேண்டும். அவசரத்தில் உட்கார வைத்தால் பலன் இல்லை.

குந்தி உட்காரும் இந்தியக் கழிப்பறை இருந்தால் அதுவே சிறந்தது. அந்த நிலையில் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. வெஸ்டர்ன் என்றால் குழந்தைக்கான சிறு வளையம் போட்டு, காலுக்கடியில் முழங்கால் இடுப்பைவிட உயரும்படி முக்காலி. கால் தொங்கினால் முக்கவே முடியாது. பலூன் ஊதச் சொல்லுங்கள், வயிற்றுத்தசை தானாக அழுத்தும்.

பாராட்டோ ஸ்டிக்கரோ உட்கார்ந்ததற்கு மட்டும். மோஷன் வந்ததற்கு என்று வைத்தால் வராத நாளில் தோற்றதாக நினைப்பான்.

சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டுங்கள். தினமும் இரண்டு குறிப்பு போதும்: பிரிஸ்டல் அட்டவணைப்படி (மலத்தின் தோற்றத்தை 1 முதல் 7 வரை பிரிப்பது) மல வகை, கறை உண்டா இல்லையா. ஆட்டுப்புழுக்கை போல என்றால் வகை 1, வழவழப்பாக நீளமாக என்றால் 4, முழுக்க நீர் என்றால் 7. நமக்கு வேண்டியது தினமும் 4. இரண்டு நாள் போகவில்லை, அல்லது 1–2 வந்தது என்றால் மருத்துவர் சொன்ன வரம்புக்குள் 1–2 கிராம் கூட்டுங்கள். 6–7 தொடர்ந்தால் அதே அளவு குறையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று: பல நாள் மோஷன் இல்லாமல் திடீரென்று 7 வந்தால் அது அளவு கூடியதால் இல்லை. மறுபடி அடைப்பு, திரும்பவும் முதல் கட்டம்.

கொடிமுல்லை:
அடைப்பு நீங்கிவிட்டது, 8 கிராமில் தினமும் 4 வகை வருகிறது, கறை நின்றிருக்கிறது. எப்போது குறைப்பது?

குடல்வழி:
மிக நல்ல செய்தி. இப்போது குறைக்காதீர்கள். மருந்து குறைந்தது இரண்டு மாதம் ஓடியிருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு மாதம் முழுதும் கறை, வலி, அடக்குதல் எதுவும் இருந்திருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்த பிறகே குறைக்கலாம். குறைப்பதும் ஒரேயடியாக இல்லை. 8லிருந்து 6, இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்து 4, அப்படியே. ஒரு படியில் கெட்டியானால் அடுத்த நாளே முந்தைய அளவுக்குத் திரும்புங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி முயலலாம். மருந்து நின்ற பிறகும் உட்காரும் நேரத்தைப் பல மாதம் விடாதீர்கள். காய்ச்சல், வெளியூர்ப் பயணம், புது வகுப்பு தொடங்கும் ஜூன் மாதம், இந்த வாரங்களில் எந்தப் படியையும் இறக்க வேண்டாம்.